நேஷனல் குரூப்பில் ஸ்பேசஸ் போட்டால் சீன எழுத்து வருகிறது: குரூப்-யூசேஜை எந்த மட்டத்தில் வைப்பது?

வேலந்தாவளத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நான் பார்க்கிறது ஒரு வங்கியோட வாடிக்கையாளர் மாஸ்டர் ஃபைல். ஐபிஎம் மெயின்ஃபிரேம், எண்டர்பிரைஸ் கோபோல் 6.3 கம்பைலர். இதுவரைக்கும் பேரு, முகவரி எல்லாமே இங்கிலீஷ்ல, பிக் எக்ஸ் (எழுத்துக்கு ஒரு பைட்). இப்ப எல்லைப் பக்கத்துக் கிளைகளுக்கு மட்டும் பாஸ்புக்கிலயும் கடன் நோட்டீஸ்லயும் பேரை அவங்கவங்க எழுத்துல அச்சடிக்கணும்னு வேலை வந்திருக்கு. எங்க பக்கம் ஒரே வீட்டுல அப்பா தமிழ்ல கையெழுத்துப் போடுவாரு, மக மலையாளத்துல போடுவா. ஒரே கடன் கணக்குல ரெண்டு பேரும் இருப்பாங்க. அதனால ரெக்கார்டுல ரெண்டு எழுத்துக்கும் இடம் வேணும்.

அலுவலக நிரலை அப்படியே இங்க ஒட்டக் கூடாது. அதனால ஃபீல்டு பேரை மாத்தி, கட்டளைச் சொல்லையும் தமிழ்லயே தட்டியிருக்கேன்:

01 வாடிக்கையாளர்-ரெக்.
  05 கணக்கு-எண் பிக் 9(12).
  05 பெயர்-பகுதி.
    10 பெயர்-தமிழ் பிக் என்(40).
    10 பெயர்-மலையாளம் பிக் என்(40).
    10 முகவரி-வரி பிக் என்(30) அக்கர்ஸ் 3.
    10 பின்கோடு பிக் 9(6).
  05 இருப்பு பிக் எஸ்9(11)வி99 காம்ப்-3.

ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னாடி 'மூவ் ஸ்பேசஸ் டு பெயர்-பகுதி'ன்னு ஒரு வரி இருக்கு. பழைய நிரல்ல இருந்தது, அது அப்படியே இருக்கு. அப்புறம் பேரு வந்து உக்காருது, அது சரியா வருது. ஆனா நிரப்பாத மூணாவது முகவரி வரி முழுக்க ஒரே சீன எழுத்து வரிசையா அச்சாகுது. ஹெக்ஸ்ல பார்த்தா 4040 4040ன்னு போகுது. இதே நிரலைப் பிசி கம்பைலர்ல ஓட்டினா சீன எழுத்துக்குப் பதிலா சிலுவை மாதிரி ஒரு குறி வருது.

குரூப் முழுசையும் நேஷனல் (யூனிகோடு) எழுத்தா நடத்தச் சொல்ற குரூப்-யூசேஜ் நேஷனல்னு ஒண்ணு இருக்குன்னு கையேட்டுல பார்த்தேன். 01-ல வச்சா கம்பைலர் ஏத்துக்க மாட்டேங்குது. எந்த மட்டத்துல வைக்கணும்? வச்சா வேற எதுவும் நகருமா? இந்த ஃபைலை இன்னும் பல நிரல் படிக்குது.

---

கொல்லங்கோடு அக்கா:

தம்பி, முதல்ல அந்த சீன எழுத்து எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துக்குங்க. அது தெரிஞ்சா மத்ததுக்குப் பதில் தானா வரும்.

பிக் என், அதாவது நேஷனல் ஃபீல்டு ஒவ்வொண்ணும் யூனிகோடோட யூடிஎஃப்-16 வடிவம். ஒரு இடத்துக்கு ரெண்டு பைட். அதுல வெற்றிடம்னா ஹெக்ஸ் 0020. ஆனா நீங்க ஸ்பேசஸ் போட்டது ஃபீல்டுல இல்ல, பல ஃபீல்டு அடங்கின குரூப்ல. எதுவும் சொல்லாம விட்ட குரூப்பைக் கோபோல் எப்பவும் ஆல்ஃபாநியூமரிக் குரூப்னுதான் எடுத்துக்கும். உள்ள பிக் என் இருந்தாலும் சரி, காம்ப்-3 (பேக்டு எண்) இருந்தாலும் சரி. சுமை தூக்குறவருக்கு மூட்டையோட எடைதான் தெரியும், உள்ள இருக்கறது நெல்லா கடலையான்னு தெரியாது. அதனால மெயின்ஃபிரேமோட எழுத்துக் குறியீடான எப்சிடிக்ல வெற்றிடமான 40-ஐ பைட் பைட்டா நிரப்பிட்டுப் போயிருச்சு. ரெண்டு 40 சேர்ந்து 4040 ஆச்சு. யூனிகோடுல 4040 இருக்கறது சீன எழுத்து வரிசைக்குள்ள. பிசியில ஆஸ்கி வெற்றிடம் 20. அங்க 2020 ஆகும். அந்த எண்ணுல இருக்கறதுதான் நீங்க பார்த்த சிலுவைக் குறி. ரெண்டு இடத்துலயும் கம்பைலர் விதிப்படிதான் வேலை செஞ்சிருக்கு.

இதே இடத்துல இன்னொரு பூச்சியும் ஒளிஞ்சிருக்கு. எங்கயாவது 'இஃப் பெயர்-பகுதி = ஸ்பேசஸ்'னு கேட்டிருந்தீங்கன்னா, இனிமேல் ஃபீல்டுகளை ஒழுங்கா 0020-ஆல நிரப்பினாலும் அந்தச் சோதனை 'காலி இல்லை'ன்னுதான் சொல்லும். குரூப் மட்டத்துல அது 40-ஐத்தான் தேடுது. பழைய நிரல்கள்ல காலி ரெக்கார்டைத் தாண்டுறதுக்கு இந்த இஃப் நிறைய இருக்கும். தேடிப் பாருங்க.

இப்ப குரூப்-யூசேஜ். அதை 01-ல வைக்க முடியாததுக்குக் காரணம் உங்க இருப்பு ஃபீல்டு. நேஷனல் குரூப்புக்குள்ள இருக்கற ஒவ்வொரு அடிப்படை ஃபீல்டும் நேஷனலாத்தான் இருக்கணும். காம்ப்-3, பைனரி, பிக் எக்ஸ் எதுக்கும் அங்க இடமில்ல. குறியுள்ள எண் வேணும்னா சைன் செபரேட் போட்டு, குறிக்குத் தனியா ஒரு இடம் குடுக்கணும். அதனால 05-ல வைங்க:

05 பெயர்-பகுதி குரூப்-யூசேஜ் நேஷனல்.

நேஷனல் குரூப்பு ஆல்ஃபாநியூமரிக் குரூப்புக்குள்ள தாராளமா இருக்கலாம். தலைகீழாத்தான் முடியாது.

நகருமான்னு கேட்டீங்களே, அதுதான் இதுல முக்கியமான கேள்வி. நகரும். உங்க பின்கோடு பிக் 9(6), யூசேஜ் எதுவும் எழுதல. இப்ப அது டிஸ்ப்ளே (இலக்கத்துக்கு ஒரு பைட்), 6 பைட். மேல குரூப்-யூசேஜ் நேஷனல் வந்த அந்த நிமிஷமே அதுவும் நேஷனல் எண்ணா மாறிடும், 12 பைட். கணக்குப் போட்டுப் பாருங்க: இப்ப பெயர்-பகுதி 80, 80, 180, 6 சேர்ந்து 346 பைட். மாத்தினா 352. முன்னாடி கணக்கு எண் 12, பின்னாடி இருப்பு 7. 365-ஆ இருந்த ரெக்கார்டு 371 ஆகும். இருப்பு ஆறு பைட் தள்ளிப் போகும். மறுபடி கம்பைல் பண்ணாத ஒரு நிரல் அந்த ஃபைலைப் படிச்சா, பின்கோடோட வாலை இருப்புன்னு எடுத்துக்கும். கம்பைலர் இதுக்கு ஒரு வார்த்தை சொல்லாது, ஏன்னா இலக்கணப்படி எல்லாம் சரி.

அதனால பின்கோடை நேஷனல் குரூப்பை விட்டு வெளிய எடுத்து, தனியா 05 மட்டத்துல, அதே இடத்துல வைங்க. அஞ்சல் எண்ணுக்கு யூடிஎஃப்-16 எதுக்கு? நேஷனல் குரூப்புல பேரும் முகவரியும் மட்டும் இருக்கட்டும். 170 இடம், 340 பைட். மொத்த ரெக்கார்டு 365-லயே நிக்கும், எதுவும் நகராது.

என் கருத்து இதுதான்: மனுஷங்க படிக்கிற எழுத்தை ஒரு குரூப்பா ஒதுக்கி அதுக்கு மட்டும் நேஷனல்னு சொல்லணும். கணக்குப் போடற எண்ணையும், கோடுகளையும் அதுக்குள்ள விடவே கூடாது. ரெக்கார்டு முழுசையும் நேஷனல் ஆக்கினா ஒரே மாதிரி அழகா இருக்கும்னு சிலர் சொல்லுவாங்க. அப்படி ஆக்கின ஃபைல்ல ஒவ்வொரு தொகையும் ரெண்டு மடங்கு இடம் பிடிக்கும். பேக்டு எண்ணும் வைக்க முடியாம போகும்.

---

வேலந்தாவளத்தான்:

அக்கா, ரொம்ப நன்றி. பின்கோடு விஷயம் சொல்லலைன்னா அப்படியே தள்ளிவிட்டிருப்பாங்க. 05-ல வச்சேன், பின்கோடை வெளிய எடுத்தேன், ஸ்பேசஸ் இப்ப 0020-ஆ விழுது. இஃப் சோதனையும் சரியா வருது.

ரெண்டு சந்தேகம் மிச்சம். ஒண்ணு, நோட்டீஸ் அச்சடிக்கிற நிரல்ல பெயர்-பகுதியைத் தூக்கி வரி-பகுதின்னு ஒரு பழைய குரூப்புக்கு மூவ் பண்றாங்க. அதுக்குள்ள எல்லாமே பிக் எக்ஸ். குப்பையா வருது. நேஷனல் ஆனதுக்கப்புறம் கோபோலே மாத்திக் குடுக்காதா? ரெண்டாவது, லெங்த் ஒரு இடத்துல 170ன்னும் இன்னொரு இடத்துல 340ன்னும் வருது.

---

கொல்லங்கோடு அக்கா:

ரெண்டாவதுக்கு முதல்ல. ஃபங்ஷன் லெங்த் கேட்டா நேஷனல் இடங்களை எண்ணிச் சொல்லும்: 170. 'லெங்த் ஆஃப்'ங்கற சிறப்பு ரெஜிஸ்டர் பைட்டைச் சொல்லும்: 340. ரெண்டும் சரிதான். பெயர்-பகுதி(41:40)ன்னு எழுதினா அது இடக் கணக்கு, மலையாளப் பேரு சரியா வந்து நிக்கும். குரூப்-யூசேஜ் இல்லாத குரூப்புல இதே (41:40) பைட் கணக்கு. அங்க தமிழ்ப் பேரோட பின்பாதிதான் கைக்கு வரும். பழைய நிரல்ல இப்படி முக்காற்புள்ளி வச்சு வெட்டின இடம் இருந்தா ஒவ்வொண்ணையும் பாருங்க.

மூவ் விஷயம். நேஷனல் குரூப்பைக் கோபோல் பெரும்பாலான இடத்துல ஒரு தனி நேஷனல் ஃபீல்டு மாதிரியே நடத்தும். மூவ், ஸ்ட்ரிங், அன்ஸ்ட்ரிங், இன்ஸ்பெக்ட் எல்லாத்துலயும் அப்படித்தான். பிக் எக்ஸ் ஃபீல்டை நேஷனல் குரூப்புக்கு மூவ் பண்ணினா அதுவே யூடிஎஃப்-16 ஆக்கிக் குடுக்கும். ஆனா ஒரு பக்கம் ஆல்ஃபாநியூமரிக் குரூப் இருந்தா அது குரூப் மூவ் ஆகிடும். பைட்டை அப்படியே தூக்கி வைக்கும், எதையும் மாத்தாது. உங்க வரி-பகுதி அப்படிப்பட்டதுதான்.

நேஷனல்ல இருந்து பிக் எக்ஸுக்கு நேரா மூவ் பண்ணக் கம்பைலர் விடாது. டிஸ்ப்ளே-ஆஃப் ஃபங்ஷன் வழியாத்தான் போகணும். அதுலயும் வெறும் டிஸ்ப்ளே-ஆஃப் போட்டா எப்சிடிக்குக்கு மாத்தும். அந்த எப்சிடிக் பக்கத்துல தமிழும் கிடையாது, மலையாளமும் கிடையாது. எழுத்துக்குப் பதில் மாற்றுக்குறிதான் வந்து நிக்கும், அதுல இருந்து பேரை மீட்கவே முடியாது. அச்சு மென்பொருள் யூடிஎஃப்-8 கேட்குதுன்னா டிஸ்ப்ளே-ஆஃப்புக்கு ரெண்டாவது மதிப்பா 1208 குடுங்க. எதிர்ப்பக்கம் நேஷனல்-ஆஃப்புக்கும் அதே 1208. பிக் எக்ஸ் வாங்கற ஃபீல்டுக்கு இடத்தை மூணு மடங்கா வைங்க: 40 இடத் தமிழ்ப் பேருக்கு 120 பைட். தமிழ், மலையாளம் ரெண்டுலயும் ஒரு குறியீடு யூடிஎஃப்-8ல மூணு பைட்.

ஸ்ட்ரிங் எழுதறப்போ ஒண்ணு நேஷனல்னா எல்லாமே நேஷனலா இருக்கணும். நடுவுல போடற காற்புள்ளி, கோடு எல்லாத்தையும் என் எழுத்து முன்னால வச்ச மேற்கோள்ல எழுதுங்க. கம்பைல் ஆப்ஷன்ல என்சிம்பல் நேஷனல்னு இருக்கான்னும் பார்த்துடுங்க. டிபிசிஎஸ்னு (பழைய ரெட்டை பைட் எழுத்து வகை) இருந்தா யூசேஜ் எழுதாத பிக் என்னும் அந்த மேற்கோளும் வேற வகையாப் போயிடும்.

இனிஷியலைஸ் மட்டும் விதிவிலக்கு. அது நேஷனல் குரூப்பையும் குரூப்பாவே பார்த்து உள்ள இருக்கற ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அதோட வகைக்கு ஏத்த மதிப்பைப் போடும். மூவ் கரஸ்பாண்டிங்கும் அப்படித்தான். 01 மட்டத்துல ரெக்கார்டு முழுசையும் காலி பண்ணனும்னா மூவ் ஸ்பேசஸை எடுத்துட்டு இனிஷியலைஸ் போடுங்க. பெயர்-பகுதிக்கு நேஷனல்னு சொன்னாலும், 01-ல ஸ்பேசஸ் போட்டா மறுபடி 4040தான். பேரில்லாத இடமான ஃபில்லரை மட்டும் இனிஷியலைஸ் தானா தொடாது, அது ஞாபகம் இருக்கட்டும்.

---

கம்பம்மெட்டு:

6.3 இருக்கறப்போ ஏன் இவ்வளவு சுத்து? அதுல பிக் யூ வந்தாச்சு, யூடிஎஃப்-8 நேராவே வைக்கலாம். வெளிய போற எல்லாமே யூடிஎஃப்-8தானே?

---

கொல்லங்கோடு அக்கா:

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. புதுசா எழுதற நிரல், வெளிய ஜேசன் அனுப்பற வேலைன்னா நானும் பிக் யூ பார்ப்பேன். இங்க ஃபைல் நிலையான நீளம், பல நிரல் இடத்தை எண்ணிப் படிக்குது. பிக் யூ(40) போட்டா ஒரு எழுத்துக்கு நாலு பைட் வீதம் 160 பைட் ஒதுக்கும். பைட்-லெங்த் சொல்லிக் குறைச்சாலும் தமிழுக்கு 120 வேணும். பிக் என்(40) 80-ல முடியும். எழுத்தும் பைட்டும் ஒண்ணுக்கு ரெண்டுன்னு நேரா நிக்கறதால டம்ப் பார்க்கறதும் சுலபம். மெயின்ஃபிரேமோட பச்சைத் திரையில தமிழ் தெரியாது, ஐஎஸ்பிஎஃப் எடிட்டர்ல ஹெக்ஸ் ஆன் போட்டுத்தானே பார்க்கணும்? தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் 0பி-ன்னு தொடங்கும், மலையாளம் 0டி-ன்னு தொடங்கும். தமிழ்ப் பேரு மலையாள ஃபீல்டுல உக்காந்திருந்தா கண்ணுலயே தெரியும்.

அந்த 0டி-யை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்றேன். பைட்டா எடுத்துக்கிட்டா 0டி-ன்னா வரித்திருப்பம். ஃபைலை வெளிய அனுப்பறப்போ எஃப்டிபி-யில டெக்ஸ்ட் முறை வைக்கவே கூடாது, பைனரிதான். அந்தப் பக்கம் வாங்கறவங்களும் அதை யூடிஎஃப்-16னு தெரிஞ்சு படிக்கணும். இல்லேன்னா மலையாளப் பேரு ஒவ்வொரு எழுத்துலயும் வரி உடையும்.

---

நகரிப்பேட்டை:

நான் ஆந்திரா பக்கம், இதே வேலையைத் தெலுங்கு, தமிழ் ரெண்டுக்கும் செய்யறோம். டிபி2 தரவுத்தளத்துக்குள்ள போறவங்களுக்கு ஒண்ணு சேர்த்துச் சொல்றேன். வர்கிராஃபிக் (நீளம் மாறுற எழுத்து) நெடுவரிசைக்கு ரெண்டு 49 மட்ட ஃபீல்டு எழுதுவோமே, நீளத்துக்கு பைனரி, எழுத்துக்கு பிக் என், அந்தக் குரூப்புக்கு குரூப்-யூசேஜ் நேஷனல் வைக்க முடியாது, நீளம் பைனரியா இருக்கறதால. அதை வெறும் குரூப்பா விட்டுட்டு, ஸ்பேசஸை உள்ள இருக்கற பிக் என் ஃபீல்டுக்கு மட்டும் போடுங்க. குரூப்ல போட்டா நீளமும் 4040 ஆகிடும். அது எண்ணா 16448.

வீட்டுல க்னூகோபோல்ல பழகறவங்களுக்கு: 3.2-லயும் நேஷனல் கையாளுறது முழுசா முடியலைன்னு கம்பைலரே எச்சரிக்கும். இந்தக் குரூப் விதிகளை அதுல சோதிச்சுப் பார்த்து மெயின்ஃபிரேமைப் பத்தி முடிவு பண்ணாதீங்க.

---

வேலந்தாவளத்தான்:

எல்லாம் ஓடுது. ஒரே ஒரு குறை. ஊர்ப் பேருக்குன்னு நோட்டீஸ்ல பிக் என்(13) வச்சிருக்காங்க. 'கொழிஞ்சாம்பாறை' ஏழு எழுத்துதான், ஆனா கடைசியில 'பாற'ன்னு நின்னுடுது. இன்னொரு கிளையில இருந்து வந்த அதே ஊர்ப் பேரு 'ற'வும் இல்லாம 'பா'வோட நின்னுடுது. ரெண்டும் ஒரே ஊரு, ஒரே எழுத்து!

---

கொல்லங்கோடு அக்கா:

நீங்க ஏழுன்னு எண்ணறது நம்ம எழுத்து. கோபோல் எண்ணறது குறியீட்டை. க, ஒகரக் குறி, ழ, இகரக் குறி, ஞ, புள்ளி, ச, கால், ம, புள்ளி, ப, கால், ற, ஐகாரக் குறி. ஆகப் பதினாலு. பதிமூணு இடத்துல வெட்டினா கடைசி ஐகாரக் குறி போயிடும். பிக் என் ரெண்டு பைட்டைப் பிரிக்காது, ஆனா மெய்யையும் அது மேல ஏறின குறியையும் தாராளமாப் பிரிக்கும். இதுக்கு குரூப்-யூசேஜால ஒண்ணும் செய்ய முடியாது.

இன்னொரு கிளையில இருந்து வந்ததுல 'கொ' வேற மாதிரி தட்டப்பட்டிருக்கு. ஒகரக் குறியை யூனிகோடுல ஒரே குறியீடாவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும்னு ரெண்டாவும் வைக்கலாம். ரெண்டாவது வகையில ஊர்ப் பேரு பதினஞ்சு இடம். அச்சுல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், இஃப் போட்டா சமம் இல்லைன்னு வரும். மலையாளத்துலயும் இது உண்டு. முருகன்னு அவங்க எழுதற கடைசி சில்லு எழுத்துக்கு (உயிர் சேராத தனி மெய்) 2008-ல வந்த யூனிகோடு 5.1-லதான் தனிக் குறியீடு குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி தட்டினதுல அதே சில்லு மூணு குறியீடு. பழைய பட்டியல்ல இருக்கற முருகனும் புதுசா வந்த முருகனும் கம்ப்யூட்டருக்கு வேற வேற ஆளு.

அதனால பேரு உள்ள நுழையற இடத்துலயே, மாஸ்டர் ஃபைலுக்கு வர்றதுக்கு முன்னாடி, எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. ஒகரம், ஓகாரம், ஔகாரத்துக்கு பிரிஞ்ச குறிகளை ஒண்ணாச் சேர்க்கிற யூனிகோடோட என்எஃப்சி வடிவம் போதும். சில்லு அதுல மாறாது, அதுக்குத் தனியா ஒரு மாற்று விதி எழுதணும். மெயின்ஃபிரேம் பேட்ச்ல இதைச் செய்யப் போகாதீங்க, பேரு வாங்கற முன்பக்க மென்பொருள்ல சுலபமா முடியும். நோட்டீஸ் ஊர்ப் பேரை 13-ல இருந்து 30 ஆக்குங்க. அங்க இடம் இல்லைன்னு யாராவது சொன்னா அந்தத் தாளை அவங்க கையில குடுத்து ஊர்ப் பேரை வாசிக்கச் சொல்லுங்க. கடன் நோட்டீஸ் ஒரு மனுஷன் வீட்டு வாசலுக்கு வர்ற காகிதம். அதுல அவன் ஊரும் பேரும் முழுசா இருக்கணும்.

வரிசைப்படுத்தறதும் இருந்தா இப்பவே கேளுங்க. சார்ட்டுல நேஷனல் கீ வச்சா குறியீட்டு எண் வரிசையிலதான் அடுக்கும். அதுல ன, ப-வுக்கு முன்னாடி வரும். ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவுல வரும். நம்ம அகராதி வரிசை வேணும்னா ஒவ்வொரு பேருக்கும் தனியா ஒரு வரிசைக் கீ உண்டாக்கி ரெக்கார்டுல வைக்கணும். அது வெறும் எண் கோர்வை, அதனால பெயர்-பகுதிக்குள்ள வேண்டாம். பிக் எக்ஸா, பின்கோடுக்குப் பக்கத்துல வைங்க. ரெக்கார்டு நீளம் அப்ப நிச்சயம் மாறும், எல்லா நிரலையும் மறுபடி கம்பைல் பண்ணணும்னு திட்டத்துல எழுதிக்குங்க.

---

வேலந்தாவளத்தான்:

வரிசைக் கீ அடுத்த கட்டத்துலதான் வருது அக்கா, ரெக்கார்டு நீளத்தைப் பத்தி இன்னைக்கே எழுதி அனுப்பிடறேன். முன்பக்கக் குழு என்எஃப்சி போட ஒத்துக்கிட்டாங்க. சில்லு மாற்று விதிக்கு மலையாளம் படிச்ச ஒருத்தர் கூட உக்காரணும்னு கேட்டிருக்கேன்.